ரேமைக் கிராபிக்ஸ் பங்கு கேட்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

வார நாள்களில் ஒரு நிறுவனத்தின் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. சனிக்கிழமை மாலைகளில், சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கையும் பக்கத்துப் புளோக்குகளையும் சேர்ந்த குடும்பங்களின் மடிக்கணினிகள் என் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுகின்றன. அவற்றில் பல, "கிராபிக்ஸ் போய்விட்டது, மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள், தம்பி" என்ற வருத்தத்தோடு வருபவை. மூடியைக் கழற்றிப் பார்த்தால், திரைக்குப் படம் வரையும் கிராபிக்ஸ் பகுதி பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அது இரவல் வாங்கும் ரேமில், அதாவது கணினியின் தற்காலிக வேலை நினைவகத்தில்தான் கோளாறு இருக்கும், அல்லது இரவல் கொடுக்கும் அளவைத் தீர்மானிக்கும் அமைப்பில் இருக்கும். அப்படிப்பட்ட கோளாறுகளை நான் எந்த வரிசையில் சோதிக்கிறேனோ அதே வரிசையில் இங்கே எழுதியிருக்கிறேன். செலவில்லாத சோதனை முதலிலும் செலவு மிகுந்தது கடைசியிலும் வரும்.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில், திரையில் நீங்கள் காணும் படம் ரேமில்தான் குடியிருக்கிறது. தனி கார்டு உள்ள கணினியில் அது கார்டின் சொந்த நினைவகத்தில் இருக்கும். அந்த இடம் நிரம்பினால் அங்கும் மிச்சம் ரேமுக்கு வழியும்.

எதையும் தொடுமுன் குறித்துக்கொள்ள வேண்டியவை

விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குச் சென்று 'மெமரி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழே சிறிய எழுத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு', 'ஃபார்ம் ஃபேக்டர்', 'ஸ்பீடு', 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' என்று நான்கு விவரங்கள் இருக்கும். அடுத்து 'ஜிபியு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் 'டெடிகேட்டட் ஜிபியு மெமரி' (கிராபிக்ஸின் சொந்த நினைவகம்), 'ஷேர்டு ஜிபியு மெமரி' (ரேமில் அது பங்கு கேட்கக்கூடிய இடம்) என்ற இரண்டும் தெரியும். இவை அனைத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கடைக்குப் போக நேர்ந்தாலும் இந்தப் படம்தான் உங்களுக்குப் பிடிமானம்.

கணினியை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்பை மாற்றப் போகிறீர்கள் என்றால் இன்னொரு முன்னெச்சரிக்கையும் உண்டு. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு உங்களுக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸில் கை வைத்ததும் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தச் சாவியை எழுதி வைத்த பிறகே தொடங்குங்கள். இதைச் செய்யாமல் ஒரு குடும்பத்தின் ஏழாண்டுப் புகைப்படங்கள் பூட்டிய வட்டுக்குள் சிக்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பள்ளி வழியாக வாங்கிய கற்றல் கருவியாக இருந்தால் இதில் எதையும் செய்ய வேண்டாம். அதில் பள்ளியின் மேலாண்மைச் செயலி இருக்கும், பயாஸும் பெரும்பாலும் பூட்டியிருக்கும். பள்ளியின் உதவி மேடைக்கே கொண்டு செல்லுங்கள்.

அறிகுறி: வாங்கியது 8 ஜிபி, பயன்படுத்தக் கிடைப்பது 5.9 ஜிபி

'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'அபவுட்' என்று சென்றால், பொருத்தப்பட்ட ரேமின் அளவுக்கு அருகே அடைப்புக்குறிக்குள் 'யூசபிள்' என்று ஒரு சிறிய எண் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு'. இந்த வேறுபாடு எவ்வளவு என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

*வேறுபாடு 0.3 ஜிபிக்குள் இருந்தால்:* இது கோளாறு அன்று. இன்டெல் கிராபிக்ஸ் உள்ள கணினிகள் தொடக்கத்தில் ஒதுக்கிக்கொள்ளும் இடம் சிறியது, டாஸ்க் மேனேஜரில் பெரும்பாலும் 128 எம்பி என்று தெரியும். தேவைப்படும்போது மட்டுமே அவை மேலும் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

*வேறுபாடு ஏறக்குறைய 0.5 முதல் 2 ஜிபி வரை இருந்து, பிராசசர் ஏஎம்டியாக இருந்தால்:* பயாஸ் அந்த அளவைக் கிராபிக்ஸுக்கென்று முன்கூட்டியே பிரித்துக் கொடுத்திருக்கிறது. அப்படிப் பிரித்ததை விண்டோஸ் தொட முடியாது, கிராபிக்ஸுக்கு வேலையே இல்லாத நேரத்திலும் அந்த இடம் சும்மாதான் கிடக்கும். பயாஸுக்குள் 'யுஎம்ஏ ஃபிரேம் பஃபர் சைஸ்' என்ற வரியைத் தேடுங்கள். இன்டெல் கணினிகளில் இதே வேலையைச் செய்யும் வரி 'டிவிஎம்டி ப்ரீ-அலோகேட்டட்'. மேசைக் கணினியில் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி பயாஸுக்குள் போகலாம். மடிக்கணினியில் விசை தெரியாவிட்டால் விண்டோஸ் 11இல் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ரெக்கவரி', 'அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப்' வழியாகச் செல்லலாம்.

எவ்வளவு வைப்பது என்று பலரும் கேட்கிறார்கள். மொத்தம் 8 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் 512 எம்பிக்கு மேல் கொடுக்காதீர்கள் என்பது என் கருத்து. பள்ளிப் பாடமும் காணொளிச் சந்திப்பும் இருபது உலாவித் தாவல்களும் ஒரே நேரத்தில் ஓடும் வீட்டில், அந்த 1.5 ஜிபி திரும்பக் கிடைத்தால் கணினியின் தடுமாற்றம் அன்றே குறைவது தெரியும். 16 ஜிபி இருந்தால் 2 ஜிபி கொடுக்கலாம், 32 ஜிபி இருந்தால் 4 ஜிபி. 'ஆட்டோ' என்று ஒரு தெரிவு இருந்து, அதில் வைத்தும் கணினி நன்றாகவே ஓடுகிறது என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். மடிக்கணினிகள் பலவற்றில் இந்த வரி மறைத்தே வைக்கப்பட்டிருக்கும். அதை வெளிக்கொணர இணையத்தில் கிடைக்கும் மாற்று பயாஸ் கோப்புகளை ஏற்றாதீர்கள், ஏற்றும்போது ஒரு முறை தவறினால் கணினி எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

*வேறுபாடு மொத்த ரேமில் பாதியாக இருந்தால்*, அதாவது 16 ஜிபியில் 8 ஜிபி காணவில்லை என்றால், முதலில் மென்பொருளைப் பாருங்கள். விண்டோஸ் தேடல் பெட்டியில் 'எம்எஸ்கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் தட்டி, 'பூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வரை செல்லுங்கள். அங்கே 'மேக்சிமம் மெமரி' என்ற கட்டத்தில் குறி இருக்கக் கூடாது. 'கணினியை வேகமாக்கும் வழி' என்று சொல்லும் காணொளிகளைப் பார்த்துப் பலர் அதில் குறியிட்டு விடுகிறார்கள், பலன் நேர்மாறாகிறது. குறியை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். குறியே இல்லை என்றால், ரேம் ஸ்டிக் (ரேம் சில்லுகள் உள்ள சிறு பலகை) ஒன்று ஸ்லாட்டில் (அதைச் செருகும் இடத்தில்) சரியாக உட்காரவில்லை என்று கொள்ளலாம். மின்சாரத்தைத் துண்டித்து, மடிக்கணினியானால் உள்ளே மின்கலத்தின் இணைப்பையும் கழற்றிவிட்டு, ஸ்டிக்குகளை எடுத்து மறுபடியும் 'க்ளிக்' என்ற ஓசை கேட்கும் வரை அழுத்திப் பொருத்துங்கள்.

*பழைய கணினியில் 4 ஜிபி பொருத்தி 3 ஜிபியை ஒட்டியே காட்டினால்:* விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருக்கும். அதை 64 பிட்டுக்கு மாற்றாமல் வேறு வழியில்லை.

ஸ்டிக்குகளை இடம் மாற்றிப் போட்டும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் உள்ளது மட்டும் தெரியவில்லை என்றால், அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்லாட்டின் பற்றவைப்பு விட்டிருக்கலாம், பிராசசரின் கீழுள்ள ஊசி வளைந்திருக்கலாம். இரண்டும் உருப்பெருக்கியும் பழகிய கையும் கேட்கும் வேலை.

அறிகுறி: 'ஷேர்டு ஜிபியு மெமரி 7.9 ஜிபி' என்று காட்டுகிறது, என் ரேமில் பாதி போய்விட்டதா?

போகவில்லை. அது கிராபிக்ஸ் கேட்டால் அதிகபட்சம் கொடுக்கலாம் என்று விண்டோஸ் வைத்திருக்கும் வரம்பு, பெரும்பாலும் மொத்த ரேமில் பாதி. எடுத்துப் பூட்டி வைத்த இடம் அன்று. அந்த எண்ணின் இடப்பக்கம் உள்ள சிறிய எண், அதாவது '0.6/7.9' என்பதில் 0.6, உண்மையில் எடுத்துக்கொண்டதைக் காட்டும். இதைக் 'குறைக்க' எதையும் நிறுவத் தேவையில்லை.

இதே எண்ணை வைத்து ஏமாற்றும் வழக்கம் ஒன்று இருக்கிறது. பழைய கணினிகளை இணையத்தில் விற்போர் சிலர் கார்டின் சொந்த 4 ஜிபியையும் பங்கு வரம்பான 8 ஜிபியையும் கூட்டி '12 ஜிபி கிராபிக்ஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். வாங்கச் செல்லும்போது டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்லி 'டெடிகேட்டட்' எண்ணை மட்டும் பாருங்கள்.

அறிகுறி: விளையாட்டும் படத்தொகுப்பும் தடுமாறுகின்றன, கணினியில் தனி கார்டு இல்லை

மேசைக்கு வருபவற்றில் மிகுதி இந்த வகைதான். மிக எளிதாகத் தீர்வதும் இதுவே.

மடிக்கணினியானால் மின்னிணைப்பைப் பொருத்திக்கொண்டு சோதியுங்கள். மின்கலத்தில் ஓடும்போது பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறியின் வழியில் தூசி அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். நம்மூர் வெப்பத்தில், குளிர்சாதனம் இல்லாத அறையில், மெத்தையின் மேல் வைத்து ஓட்டப்படும் கணினி பத்து நிமிடங்களுக்குள் சூடேறி மெதுவாகிவிடும். முதல் பத்து நிமிடங்கள் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு தடுமாறினால் அது சூட்டின் வேலை. தொடக்கத்திலிருந்தே தடுமாறினால் கீழே தொடருங்கள்.

'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரியில் '1 ஆஃப் 2' என்று இருக்கிறதா?

*இருந்தால், கோளாறு பெரும்பாலும் அதுதான்.* சென்ற ஆண்டு உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தாய் தம் மகளின் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்புப் பயிலும் மாணவி. கை வைக்கும் இடத்தில் இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ என்ற ஒட்டுப்படம் பளபளத்தது. விண்டோஸின் கருவிப் பட்டியலான டிவைஸ் மேனேஜரிலோ கிராபிக்ஸின் பெயர் 'யுஎச்டி கிராபிக்ஸ்' என்று இருந்தது. விற்றவர் வேறு கருவியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்றே குடும்பத்தார் நம்பியிருந்தார்கள். பின்மூடியின் பத்துத் திருகாணிகளையும் கழற்றித் தூக்கியபோது, இரண்டு ஸ்லாட்டுகளில் ஒன்றில் 8 ஜிபி ஸ்டிக் இருந்தது. மற்றொன்றில் பிடிப்பான்கள் இரண்டும் விரிந்தபடி, இடையே தூசிப் படலம் மட்டும் இருந்தது. ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயருக்குரிய திறன் இரண்டு வழித்தட ரேம், அதாவது தனித்தனிப் பாதையில் ஒரே நேரத்தில் தரவு கொடுக்கும் இரு ஸ்டிக்குகள் இருந்தால்தான் கிடைக்கும், ஒற்றை ஸ்டிக் இருந்தால் கிராபிக்ஸை இயக்கும் மென்பொருளான டிரைவரே அதை யுஎச்டி என்று பெயர் மாற்றிக் காட்டும் என்பது இன்டெல் வகுத்த விதி. அதே வகையில் இன்னொரு 8 ஜிபி ஸ்டிக்கைப் பொருத்தி மூடி, கணினியை எழுப்பினோம். டிவைஸ் மேனேஜரில் பெயர் தானாகவே மாறியிருந்தது. அந்த அம்மாள் திரையையும் ஒட்டுப்படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்களில் சொன்னால், டிடிஆர்4-3200 வகை ரேம் ஒற்றை வழித்தடத்தில் வினாடிக்கு 25.6 ஜிபி வரை கொடுக்கும், இரட்டை வழித்தடத்தில் 51.2 ஜிபி. பிராசசரும் கிராபிக்ஸும் இந்த ஒரே குழாயில்தான் குடிக்கின்றன. 4கே திரை ஒன்று வெறுமனே படத்தைக் காட்டிக்கொண்டிருப்பதற்கே வினாடிக்கு ஏறக்குறைய 2 ஜிபி இழுக்கும். ஆகவே கிராபிக்ஸ் வலுக்குறைந்தது என்று முடிவுகட்டுமுன் இரண்டாவது ஸ்டிக்கைப் பொருத்திப் பாருங்கள். வாங்கும்போது டிடிஆர்4, டிடிஆர்5 என்ற தலைமுறையைச் சரிபாருங்கள், ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் நுழையாது. 2025ஆம் ஆண்டின் இறுதியில் ரேமின் விலை கடுமையாக ஏறிவிட்டது. அதனால் வாங்குமுன் வீட்டில் கிடக்கும் பழைய மடிக்கணினியின் ஸ்டிக் பொருந்துமா என்று பார்த்துவிடுவது நல்லது.

*'2 ஆஃப் 2' அல்லது '2 ஆஃப் 4' என்று இருந்தால்:* நான்கு ஸ்லாட்டுகள் உள்ள மேசைக் கணினியில், ஸ்டிக்குகள் அடுத்தடுத்த ஸ்லாட்டுகளில் இருந்தால் ஒரே வழித்தடத்தில் மாட்டியிருக்கக்கூடும். பெரும்பாலான மதர்போர்டுகளில் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி 2ஆவதிலும் 4ஆவதிலும் பொருத்த வேண்டும். பிறகு 'ஸ்பீடு' எண்ணைப் பாருங்கள். 3200 என்று எழுதிய ரேம் 2133இலோ 2400இலோ ஓடினால், பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு அணைந்திருக்கிறது. ஏஎம்டியின் டிடிஆர்5 கணினிகளில் அதன் பெயர் எக்ஸ்போ. இதை இயக்குவதற்குக் காசு வேண்டாம்.

*'ஃபார்ம் ஃபேக்டர்' வரியில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால்:* ரேம் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது. கூட்ட முடியாது. விளையாட்டின் டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் போர்த்தும் படம்) அளவையும் திரைத் தெளிவையும் குறைத்துப் பாருங்கள். அதுவும் போதாது என்றால் இந்தக் கணினியின் எல்லை அவ்வளவுதான். இதற்கு எந்த நிபுணரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: தனி கார்டு இருந்தும் அது இயங்குவதுபோல் தெரியவில்லை, அல்லது திடீரென்று பல மடங்கு மெதுவாகிறது

*கார்டின் சொந்த நினைவகம் காலியாகவே இருந்தால்*, மேசைக் கணினியின் பின்புறம் போய் திரைக்குச் செல்லும் கம்பியைப் பாருங்கள். அது மேலே யுஎஸ்பி துளைகளுக்கு அருகில் மாட்டப்பட்டிருந்தால் மதர்போர்டில் இருக்கிறது. கீழே கிடைமட்டமாக இருக்கும் கார்டின் துளைக்கு மாற்றுங்கள். வீடு மாறும்போதும் தீபாவளிக்குச் சுத்தம் செய்யும்போதும் கழற்றி மாட்டியதில் இப்படி ஆகிவிடுகிறது. மடிக்கணினியில் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'டிஸ்ப்ளே', 'கிராபிக்ஸ்' என்று சென்று, அந்தக் குறிப்பிட்ட செயலியைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று வைக்க வேண்டும்.

*சொந்த நினைவகம் முழுதும் நிரம்பி, 'ஷேர்டு' எண்ணும் ஏறிக்கொண்டே போனால்*, கார்டு வழிந்து ரேமுக்கு வந்துவிட்டது. கார்டுக்குள் நினைவகம் வினாடிக்கு நூற்றுக்கணக்கான ஜிபி வேகத்தில் ஓடும். ரேமுக்கும் கார்டுக்கும் இடையிலுள்ள பிசிஐஇ 4.0 பாதையோ 16 தடங்களும் இருந்தால்கூட ஒரு திசையில் ஏறக்குறைய 32 ஜிபிதான் தரும். வழிந்தவுடன் வேகம் ஏன் தலைகுப்புற விழுகிறது என்பதற்கு இதுவே காரணம். டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்குங்கள். பின்னால் திறந்திருக்கும் உலாவியை மூடுங்கள், அதுவும் கார்டின் நினைவகத்தில் பங்கு கேட்கும்.

செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கும் மாணவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்களுக்காக ஒரு குறிப்பு. என்விடியா கார்டில் 2023ஆம் ஆண்டு முதல், நினைவகம் தீர்ந்தால் பிழை காட்டி நிற்பதற்குப் பதிலாக ரேமுக்கு வழியவிடும் வழக்கம் விண்டோஸ் டிரைவரில் இருக்கிறது. அதனால் வேலை நிற்காது, ஆனால் நகரவும் நகராது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'சிஸ்மெம் ஃபால்பேக் பாலிசி' என்ற அமைப்பை 'ப்ரிஃபர் நோ சிஸ்மெம் ஃபால்பேக்' என்று மாற்றினால் மாதிரி கார்டுக்குள் அடங்குகிறதா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும். அடங்காவிட்டால் சிறிய மாதிரியைத் தேர்ந்தெடுங்கள்.

புதிய கார்டு வாங்குவது இவையெல்லாம் முடிந்த பிறகுதான். வாங்கும்போது மின்வழங்கியின் வாட் அளவையும், பெட்டிக்குள் கார்டின் நீளம் அடங்குமா என்பதையும் அளந்து எழுதிக்கொண்டு செல்லுங்கள்.

அறிகுறி: 'வீடியோ மெமரி போதவில்லை' என்ற செய்தியோடு செயலி மூடிக்கொள்கிறது

வட்டில் காலியிடம் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கிராபிக்ஸுக்காக விண்டோஸ் உறுதியளிக்கும் இடமும், ரேமும், ரேம் போதாதபோது விண்டோஸ் வட்டில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலும் ஒரே கணக்கில் வருகின்றன. வட்டு நிரம்பிப் பேஜ் ஃபைல் வளர முடியாமல் போனாலோ, யாரோ அதை அணைத்து வைத்திருந்தாலோ இந்தச் செய்தி வரும். பேஜ் ஃபைலை விண்டோஸே நிர்வகிக்கும்படி வைத்து, சி வட்டில் 20 ஜிபியாவது காலியாக விடுங்கள்.

சில விளையாட்டுகள் 'டெடிகேட்டட்' எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, பங்கு இடத்தைக் கணக்கில் கொள்ளாமல் தொடங்கவே மறுக்கும். அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் பயாஸில் யுஎம்ஏ அளவை 2 ஜிபிக்கு ஏற்றலாம், அதுவும் மொத்தம் 16 ஜிபி இருந்தால்.

அறிகுறி: திரை ஒரு நொடி கறுத்து மீண்டும் வருகிறது

விண்டோஸ் கிராபிக்ஸுக்கு இயல்பாக 2 வினாடி கெடு வைத்திருக்கிறது. அதற்குள் பதில் வராவிட்டால் டிரைவரைத் தானே நிறுத்தி மறுபடி தொடங்கும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 'டிஸ்ப்ளே' என்ற மூலத்தில் 4101 என்ற எண் இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. திரை கறுத்து அப்படியே நின்றுவிட்டால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள், திறந்த கோப்புகளை இழக்காமல் டிரைவர் மட்டும் மறுபடி எழும்.

டிரைவரை மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிதாக நிறுவுங்கள். தீரவில்லையா, எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். ரேமில் படம் குடியிருக்கும் கணினியில், அளவுக்கு மீறி ஓட்டப்படும் ரேம் முதலில் வெளிக்காட்டும் அறிகுறி இப்படி இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அணைத்ததும் நின்றுவிட்டால் குற்றவாளி ரேம். நிற்கவில்லை என்றால் அடுத்த பகுதியில் உள்ள சோதனையைச் செய்யுங்கள்.

அறிகுறி: திரையில் வண்ணக் கோடுகள், புள்ளிகள், கிழிந்த கட்டங்கள்

கடையில் உடனே 'திரையை மாற்ற வேண்டும்' என்றோ 'கிராபிக்ஸ் சிப் போய்விட்டது' என்றோ சொல்லும் அறிகுறி இது. இரண்டுமே செலவு மிகுந்தவை. ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்ப்போம்.

கோடுகள் தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தைக் கைப்பேசிக்கு அனுப்பித் திறந்து பாருங்கள்.

*கைப்பேசியில் படம் சுத்தமாக இருந்தால்*, நினைவகத்தில் உள்ள படம் பெரும்பாலும் நலமாக இருக்கிறது என்று பொருள். தொலைக்காட்சியை எச்டிஎம்ஐ கம்பியால் இணைத்துப் பாருங்கள். அங்கும் சுத்தமாகத் தெரிந்தால் மடிக்கணினித் திரையிலோ அதற்குச் செல்லும் பட்டைக் கம்பியிலோ பழுது. மூடியை மெல்லச் சாய்க்கும்போது கோடுகள் மாறினால் கம்பிதான். அதை மாற்றுவது திரையை மாற்றுவதைவிடக் குறைந்த செலவு, இருந்தாலும் நிபுணரின் வேலை.

*கோடுகள் ஸ்கிரீன்ஷாட்டிலும் இருந்தால்*, அல்லது தொலைக்காட்சியிலும் அதே இடத்தில் தெரிந்தால், நினைவகத்தைச் சந்தேகிக்க வேண்டும். மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை யுஎஸ்பி விரலியில் ஏற்றி, கணினியை அதிலிருந்து எழுப்பி, ஓர் இரவு முழுதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், 'ஒன்றுதானே' என்று விடக் கூடாது.

தொடக்கக்கல்லூரி மாணவர் ஒருவரின் மடிக்கணினியில் பச்சைப் புள்ளிகள் மழைபோல் விழுந்துகொண்டிருந்தன. மெம்டெஸ்ட் ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே சிவப்பு வரிகள் அடுக்கடுக்காக வந்தன. இரண்டு ஸ்டிக்குகளையும் எடுத்து விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றின் பொன்னிறத் தொடுமுனைகளில், ஓர் ஓரத்தில் மட்டும், தேநீர் காய்ந்ததுபோல் பழுப்பு நிறக் கறை. ஆண்டு முழுதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில் இது வியப்பில்லை. ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, காயவைத்து, அதை மட்டும் பொருத்தி ஓடவிட்டேன். நான்கு சுற்றும் பிழையின்றி முடிந்தன. மறுபடி இரண்டையும் பொருத்தியபோதும் பிழை வரவில்லை, புள்ளிகளும் மறைந்தன. அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது மதர்போர்டு மாற்றம். பென்சில் அழிப்பானால் தேய்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், அது பொன் பூச்சையே சுரண்டிவிடும், செய்யாதீர்கள்.

துடைத்தும் பிழை தொடர்ந்தால் ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாகத் தனியே சோதியுங்கள். பிழை ஒரு ஸ்டிக்கோடு செல்கிறதா, ஒரு ஸ்லாட்டோடு செல்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டிக்கோடு சென்றால் ஸ்டிக்கை மாற்றுங்கள், ரேமுக்குப் பல தயாரிப்பாளர்கள் வாழ்நாள் உத்தரவாதம் தருகிறார்கள், ரசீதைத் தேடிப் பாருங்கள். ஸ்லாட்டோடு சென்றால் நிபுணரிடம் செல்லுங்கள். மெம்டெஸ்ட் சுத்தமாக முடிந்தும் கோடுகள் ஸ்கிரீன்ஷாட்டில் இருந்துகொண்டே இருந்தால், தனி கார்டானால் அந்தக் கார்டிலும், மற்றவற்றில் பிராசசரிலும் பழுது இருக்கக்கூடும். கடையில் சொன்னது இந்த இடத்தில் சரியாகிவிடுகிறது.

அறிகுறி: ரேமையோ பயாஸையோ மாற்றிய பிறகு திரையே வரவில்லை

டிடிஆர்5 கணினியானால் காத்திருங்கள். புதிய ரேமைக் கணினி பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும், திரை அதுவரை கறுப்பாகவே இருக்கும். பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்கும். பதினைந்து நிமிடங்கள் கொடுங்கள்.

அதன் பிறகும் வரவில்லை என்றால் ஒரே ஒரு ஸ்டிக்கோடு முயலுங்கள். தனி கார்டு இல்லாத கணினியில் ரேம் தெரியாவிட்டால் படத்துக்கு இடமே இல்லை, அதனால் பிழைச் செய்தியைக்கூடக் காட்ட முடியாது. இதைத் திரைக் கோளாறு என்று எண்ணிப் பலர் புதுத் திரை வாங்கியிருக்கிறார்கள். ஒரு ஸ்டிக்கோடும் வராவிட்டால் பயாஸைத் தொடக்க நிலைக்குத் திருப்ப வேண்டும். மேசைக் கணினியில் மின்சாரத்தைத் துண்டித்து, நாணயம் போன்ற சிஆர்2032 மின்கலத்தைக் கழற்றி ஐந்து நிமிடங்கள் கழித்துப் பொருத்துங்கள். தேய்ந்த மின்கலத்தைக் குப்பையில் போடாமல் சமூக மன்றங்களிலும் கடைத்தொகுதிகளிலும் உள்ள மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள்.

இதற்கும் மசியாத மடிக்கணினியை மேலும் கழற்றாதீர்கள்.

கடைக்குக் கொண்டு செல்லும்போது

கணினிக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரானாலும் வீட்டுக்கு அருகிலுள்ள கடையானாலும், 'கிராபிக்ஸ் போய்விட்டது' என்று நீங்களே சொல்லிக்கொண்டு உள்ளே நுழையாதீர்கள். சொன்னதையே விலைப்பட்டியலில் எழுதிவிடுவார்கள். கண்டதை மட்டும் சொல்லுங்கள்: ஸ்கிரீன்ஷாட்டில் கோடு இருக்கிறது, மெம்டெஸ்டில் இத்தனை பிழை, இந்த ஸ்லாட்டில்தான் வருகிறது. சோதிப்பதற்கு என்ன கட்டணம், மாற்றுவதற்கு என்ன கட்டணம் என்பதைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

கடையில் வாங்கி ஆறு மாதத்துக்குள் பழுதானால், 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள, பழுதான பொருள் வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டத்தின்படி, பழுது ஒப்படைக்கும்போதே இருந்ததாகவே கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். கடையில் வாங்கிய பழைய கணினிக்கும் இது பொருந்தும், தனிநபரிடம் நேரடியாக வாங்கியதற்குப் பொருந்தாது. பேசித் தீரவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் உதவும். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்கும் கொண்டு செல்லலாம்.

ரேம் மாற்றப்பட்டால் கழற்றிய பழைய ஸ்டிக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, முதலில் எடுத்து வைத்த படத்தோடு 'ஸ்லாட்ஸ் யூஸ்டு', 'ஸ்பீடு', 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' ஆகிய வரிகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.